நீண்ட ஓட்டமும் இறுகிப்போன மோதிரமும்

"தண்ணீர் நிறையக் குடியுங்கள்." பொதுநல மருத்துவராக ஒரு நாளைக்கு இருபது முறையாவது இதைச் சொல்லிவிடுவேன். நீர்க்கடுப்புக்கும் அதுதான், மலச்சிக்கலுக்கும் அதுதான். யாரும் மறுத்துப் பேசாத அறிவுரை. அதை நானே அளவு தெரியாமல் பின்பற்றிய ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுதுகிறேன்.

ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். நவம்பர் கடைசி ஞாயிறு, அட்டவணைப்படி 28 கி.மீ. ஓட வேண்டும். அதிகாலை மூன்றே முக்காலுக்குத் திருவான்மியூரில் கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டி தாண்டிப் போய்த் திரும்புவது திட்டம். இரவு பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. வெயில் இல்லை, ஆனால் காற்றைப் பிழிந்தால் நீர் வடியும் போலிருந்தது. இப்படிப்பட்ட நாளில் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும், சொட்டுவதால் பயனில்லை. முழங்கை நுனியிலிருந்து அது சொட்டுவதைப் பார்க்கப் பார்க்க, உடம்பில் இருக்கிற நீரெல்லாம் போகிறதே என்று பயம் வந்தது. எங்கள் குழுவின் தண்ணீர் வண்டி இரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை நிற்கும். ஒவ்வொரு முறையும் 300 மில்லி குடித்தேன். தாகம் இருந்ததா என்று என்னை நானே ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

பதினெட்டாவது கிலோமீட்டரில் வயிறு குடம் போலத் தளும்பியது. இருபத்திரண்டில் தலைவலியும் குமட்டலும் சேர்ந்துகொண்டன. கடைசி நான்கு கிலோமீட்டரை நடந்தே கடந்தேன். "நீர்ச்சத்து குறைந்துவிட்டது டாக்டர்" என்று தோழி ஒருத்தி இளநீரை நீட்டினாள். நானும் அதே முடிவுக்குத்தான் வந்திருந்தேன், குடித்தேன். கணக்குப் போட்டால் நான்கு மணி நேரத்தில் நாலரை லிட்டர்.

வீட்டுக்கு வந்து குளிக்கப் போகும்போது மோதிரம் கழலவில்லை. சோப்பு போட்டு உருட்டினேன், நகரவில்லை. கைக்கடிகாரப் பட்டை இருந்த இடத்தில் வாய்க்கால் வெட்டியது போலப் பள்ளம். அப்போதுதான் உறைத்தது. எடைக் கருவியில் ஏறினேன். காலையில் 58.4 கிலோ, இப்போது 59.3. இருபத்தெட்டு கிலோமீட்டர் ஓடியும் நடந்தும் வந்தவளுக்கு 900 கிராம் கூடியிருந்தது. ரத்தப் பரிசோதனையில் சோடியம், அதாவது உப்பில் இருக்கும் தாது, லிட்டருக்கு 130 மில்லிமோல். இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை.

உடலில் உப்பு தீர்ந்துபோனதால் வந்த வினை அல்ல இது. பெரும்பாலும், குடித்த நீர் உள்ளேயே தங்கி ரத்தத்தில் இருந்த சோடியத்தை நீர்க்கச் செய்துவிட்டது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது அதிகம் குடித்தால் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். நீண்ட ஓட்டத்தின்போதோ, உடல் படும் சிரமத்திலும் வலியிலும் குமட்டலிலும் வாசோப்ரெசின் என்ற ஹார்மோன் சுரந்து, நீரை வெளியே விடாதே என்று சிறுநீரகத்துக்கு உத்தரவிடுகிறது. குடிப்பது ஏறிக்கொண்டே போகும், கழிவது வெகுவாகக் குறைந்துவிடும். அந்த நீர் செல்களுக்குள் புகும். விரல் வீங்கினால் பரவாயில்லை, மண்டை ஓட்டுக்குள் இருக்கும் மூளைக்கு வீங்க இடமேது? தலைவலி, வாந்தி, பேச்சில் குழப்பம், பிறகு வலிப்பு.

இது புதிய செய்தியும் அல்ல. 1985-லேயே தென்னாப்பிரிக்க மருத்துவ ஆய்வாளர் டிம் நோக்ஸும் சகாக்களும் இத்தகைய நான்கு பேரைப் பற்றி எழுதினார்கள். 2002 பாஸ்டன் மாரத்தானை முடித்தவர்களில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. மூன்று பேருக்கு 120 அல்லது அதற்கும் கீழே. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களும், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களும் அதில் அதிகம். அதே போட்டியில் ஓடிய 28 வயதுப் பெண் ஒருவர் இதனாலேயே உயிரிழந்தார். வேகமாக ஓடி முடிப்பவருக்குக் குடிக்க நேரமே கிடைக்காது. என்னைப் போல நிதானமாக வருபவர்கள்தான் ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று விருந்து சாப்பிடுகிறோம்.

எனக்கு மருந்தேதும் தேவைப்படவில்லை. சிறுநீர் தாராளமாகப் போகும்வரை தண்ணீரைத் தொடவில்லை. கெட்டியாக, உப்புத் தூக்கலாக ஒரு கிண்ணம் சூப் குடித்தேன். மாலைக்குள் தலைவலி விட்டது.

மறு ஆண்டு என்னிடம் வந்தவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. நாற்பது வயதைத் தாண்டியவர், ரத்த அழுத்தத்துக்கு குளோர்தாலிடோன் சாப்பிடுபவர். முழங்கால் வலிக்குமே என்று ஓடுவதற்கு முன் டைக்ளோஃபெனாக் மாத்திரை ஒன்றும் போட்டிருக்கிறார். 32 கி.மீ. ஓடி முடித்துத் தள்ளாடியவரை நண்பர்கள் உட்காரவைத்து, மாற்றி மாற்றித் தண்ணீர் புகட்டியிருக்கிறார்கள். அன்பினால் செய்ததுதான். என்னிடம் கொண்டுவரும்போது தன் மகள் பெயர் அவருக்கு நினைவில்லை. "சீக்கிரம் டிரிப்ஸ் ஏற்றுங்கள் டாக்டர்" என்று எல்லோரும் நெருக்கினார்கள். உடல் வெப்பம் இயல்பாக இருந்தது, ஆக வெப்பத் தாக்குதல் அல்ல. சோடியம் 121. இந்த நிலையில் வழக்கமான டிரிப்ஸை ஏற்றினால் நிலைமை மோசமாகலாம். அடர்த்தியான 3 சதவீத உப்புக் கரைசலை 100 மில்லி செலுத்தினோம். இரண்டாவது முறை கொடுத்த பிறகு மகளின் பெயரைச் சொன்னார்.

அவர் சாப்பிட்ட இரண்டு மாத்திரைகளையும் கவனியுங்கள். குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைடு போன்றவை தாமாகவே சோடியத்தைக் குறைக்கக்கூடியவை. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகையறா, சிறுநீரகம் நீரை வெளியேற்றுவதை இன்னும் முடக்கும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு நீண்ட ஓட்டம் ஓடாதீர்கள். ரத்த அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது. மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கிறேன் என்று உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள், வேறு மாத்திரைகள் இருக்கின்றன.

"நான் வெறும் தண்ணீர் குடிப்பதில்லை, எலெக்ட்ரோலைட் (உப்புகள் கலந்த பானம்) குடிக்கிறேன்" என்று சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசல் ஒரு லிட்டரில் சோடியம் 75 மில்லிமோல். ரத்தத்தில் சுமார் 140. விளையாட்டு பானங்கள் பலவற்றில் 20 அளவில்தான் இருக்கும். இளநீரில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் சொற்பம். எதுவானாலும் அளவு மீறினால் ரத்தத்தை நீர்க்கத்தான் செய்யும்.

நீர் குறைந்ததா, கூடியதா என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்வது எங்களுக்கே கடினம். ஆயிரம் ரூபாய் எடைக் கருவி சொல்லிவிடும். ஓடப் போகும் முன், கழிப்பறை போய்விட்டு, குறைந்த உடையில் எடை பாருங்கள். வந்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் இழப்பு. ஒன்றிரண்டு சதவீதம் குறைவதற்குப் பதற வேண்டாம், அடுத்த சில மணி நேரத்தில் சாப்பாட்டோடும் நீர்மோரோடும் ஈடாகிவிடும். எடை கூடியிருந்தால் குடித்தது மிகை, சந்தேகமே வேண்டாம். ஒரு மணி நேர ஓட்டத்தில் எனக்கு 500 கிராம் குறைந்தது, இடையில் குடித்தது 300 மில்லி. ஆக, என் வியர்வை மணிக்கு 800 மில்லி. உங்களுடையது பாதியாகவும் இருக்கலாம், இரட்டிப்பாகவும் இருக்கலாம். பக்கத்தில் ஓடுபவரின் பாட்டிலைப் பார்த்துக் குடிக்காதீர்கள். தாகம் எடுத்தால் குடியுங்கள்.

உடன் ஓடியவர் உளறினாலோ, ஓயாமல் வாந்தி எடுத்தாலோ மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அது வெப்பத் தாக்குதலாகவும் இருக்கலாம். உடம்பு கொதித்தால் தாமதிக்காமல் தண்ணீரை உடல் முழுக்க ஊற்றுங்கள். வாயில் ஊற்ற வேண்டாம்.

அந்த நவம்பர் ஓட்டத்துக்கு இரண்டு வாரம் கழித்து அதே சாலையில் 30 கி.மீ. ஓடினேன். நீலாங்கரை அருகே தண்ணீர் வண்டிக்காரப் பெரியவர் நிரப்பிய பாட்டிலோடு என் பக்கத்திலேயே கொஞ்ச தூரம் ஓடி வந்தார்.

"டாக்டரம்மா, மூன்று தடவையாக வேண்டாம் என்கிறீர்களே, மயக்கம் போட்டுவிடப் போகிறீர்கள்."

"தாகம் இல்லை ஐயா."

அவர் முகம் வாடிவிட்டது. பாட்டிலை வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டேன்.