பஃபிங் மெஷின் ஏன் கையை இழுக்கிறது?

கோயமுத்தூரில் ஒரு டிங்கரிங், பெயின்டிங் பட்டறையில்தான் கார் பெயின்ட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் பஃபிங் மெஷினை நான் முதன்முதலாகப் பிடித்தேன். பழகுவதற்கென்றே உக்கடத்துப் பழைய இரும்புக்கடையிலிருந்து ஒரு பானெட்டை வாங்கி வந்து, இரண்டு ஸ்டூல்மேல் போட்டிருந்தார்கள். சுவிட்சை அழுத்திய மறுநொடி மெஷின் வலப்பக்கம் பாய்ந்தது. பலங்கொண்ட மட்டும் இடப்பக்கம் இழுத்தேன். கேட்கவில்லை. பெயின்டர் அண்ணன் வந்து, என் கைக்குப் பின்னால் கையை வைத்து மெஷினின் வாலை ஒரு துளி தூக்கினார். அவ்வளவுதான், பாய்ச்சல் அடங்கி நின்ற இடத்தில் சுற்றியது.

"அதோட மல்லுக்கட்டாத கண்ணு. எந்தப் பக்கம் சாய்க்கறயோ அதுக்குத் தக்கன போகும். எங்க போகோணும்னு நீதான் சொல்லோணும்."

அவர் சொன்னதை இயற்பியலாக விரித்துப் பார்க்கலாம். நின்று பிடிப்பவர் பார்வையில் மெஷினின் அடியில் தேய்க்கும் வட்டத் திண்டான பேட் கடிகாரச் சுற்றில் சுழல்கிறது. அப்படியென்றால் பேட்டின் இடது ஓரம் நம்மைவிட்டு விலகி ஓடுகிறது, வலது ஓரம் நம்மை நோக்கி வருகிறது. உராய்வு எப்போதும் ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் பிடிக்கும். எனவே இடது ஓரத்தில் பெயின்ட் மெஷினை நம் பக்கம் தள்ளுகிறது, வலது ஓரத்தில் எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. அதேபோல முன் ஓரத்தில் இடப்பக்கமும், நமக்கு அருகிலுள்ள ஓரத்தில் வலப்பக்கமும் தள்ளும். பேட் பரப்பில் சமமாக உட்கார்ந்திருந்தால் இந்த நான்கும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். மிஞ்சுவது கைப்பிடியை முறுக்கும் விசை மட்டும்தான். அதைத் தாங்கத்தான் பக்கவாட்டில் இன்னொரு கைப்பிடி இருக்கிறது.

கொஞ்சம் சாய்த்துவிட்டால் கணக்கு மாறும். அழுத்தம் கூடிய ஓரத்தின் உராய்வு மற்றவற்றை மீறிவிடும். நான் பயத்தில் மணிக்கட்டைத் தாழ்த்தியிருந்தேன். அதனால் எனக்கு அருகிலிருந்த ஓரம் அமுங்கி, மெஷின் வலப்பக்கம் ஓடியது. எவ்வளவு இழுத்தாலும் சாய்வு மாறாதவரை அந்த விசை நிற்காது. மார்பிள் தரைக்குப் பாலிஷ் போடுகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? அவ்வளவு கனமான மெஷினைத் தோளால் தள்ளவே மாட்டார். நீளக் கைப்பிடியைச் சற்றுத் தூக்குவார், சற்றுத் தாழ்த்துவார். அது இடமும் வலமுமாகத் தானே நகரும். இரண்டும் ஒரே வித்தை.

ஆக, இழுப்பு என்பது மெஷினின் முரட்டுத்தனம் இல்லை. பேட்டின் எந்த ஓரம் அமுங்கியிருக்கிறது என்று அது நமக்குச் சொல்லும் செய்தி. நமக்கு அந்தப் பாஷை புரிந்த நாளில் தோள் வலி பாதியாகக் குறையும்.

அடுத்தது வேகம். 7 அங்குலப் பேட்டின் சுற்றளவு சுமார் 56 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 1,500 சுற்று என்றால் நொடிக்கு 25. அதன் விளிம்பு நொடிக்கு 14 மீட்டர் ஓடுகிறது, மணிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அவிநாசி ரோட்டில் பச்சை விழுந்ததும் கார் பிடிக்கிற வேகம் அது. பேட்டின் நட்டநடு மையமோ அசைவதே இல்லை. ஒரே பேட்டுக்குள் இத்தனை வேறுபாடு இருப்பதால்தான், விளிம்பால் மட்டும் தேய்க்கும் பழக்கம் ஆபத்தானது. அதிக வேகமும் அதிக அழுத்தமும் அங்கே ஒன்றாகச் சேர்கின்றன.

இவ்வளவையும் தாங்க வேண்டிய பெயின்ட் படலம் எவ்வளவு தடிமன் தெரியுமா? கம்பெனியிலிருந்து வரும் காரில் அடிப்பூச்சான ப்ரைமர், நிறம், அதன்மேல் பூசும் நிறமற்ற கிளியர் கோட் எல்லாம் சேர்த்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) வரைதான். மேலே இருக்கும் கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான் தேறும். தலைமுடியைவிட மெல்லியது! பாலிஷ் போடும் ஒவ்வொரு முறையும் அதிலிருந்து கொஞ்சம் குறைகிறது, திரும்ப வளராது. அதனால்தான், வருஷம் தவறாமல், கீறல் போகப் பெயின்ட்டைத் தேய்த்தெடுக்கும் "கட்டிங்" போட்டுத் தரச் சொல்லும் வாடிக்கையாளரிடம் வேண்டாம் என்று சொல்லும் பட்டறைக்காரரை நான் மதிக்கிறேன்.

வெப்பம் இன்னொரு எதிரி. உராய்வு விசை 20 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். பேட்டின் சராசரி வேகம் நொடிக்கு 9 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 180 வாட். ரேடியோ மெக்கானிக் வைத்திருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்ன் ஏழை ஒன்றாகக் கட்டி வைத்தது போல! கை நகர்ந்துகொண்டே இருந்தால் இந்தச் சூடு பரவிப் போய்விடும். ஒரே இடத்தில் நின்றால் கிளியர் கோட் இளகி, கலங்கி, சுருங்கும். இரும்புத் தகடு சூட்டைக் கடத்திவிடும். பிளாஸ்டிக் பம்பர் கடத்தாது, அதனால் முதலில் வேகுவது பம்பர்தான். புறங்கையை வைத்துப் பாருங்கள், வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிட வேண்டும்.

சரி, பாலிஷ் முடித்து நிழலில் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கிறது, வெயிலுக்குக் கொண்டுவந்தால் சிலந்தி வலை தெரிகிறதே, ஏன்? வீட்டிலுள்ள எவர்சில்வர் தட்டை பல்புக்குக் கீழே பிடியுங்கள். பல்பின் பிம்பத்தைச் சுற்றி மெல்லிய கோடுகள் வட்டவட்டமாகத் தெரியும். தட்டை நகர்த்தினால் வட்டங்களும் கூடவே நகரும். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும்தான் இருக்கின்றன. ஒவ்வொரு கீறலும் ஒளியைத் தன் நீளத்துக்குக் குறுக்காகத்தான் சிதறடிக்கும். எனவே பிம்பத்தைச் சுற்றி வளையம் போல அமைந்தவை மட்டும் நம் கண்ணுக்கு ஒளியை அனுப்புகின்றன. துணி தேய்த்துத் தேய்த்து வந்த கீறல் இப்படி வட்டமாகத் தெரியும். பஃபிங் மெஷின் விட்ட கீறலோ ஒரே போக்கில், வில் வில்லாக இருப்பதால் நாம் நடக்க நடக்க நெளிந்து ஓடும். பட்டறையில் அதை ஹோலோகிராம் என்பார்கள். கம்பளிப் பேட்டில் கட்டிங் போட்டபின், மெல்லிய பாலிஷும் மென்மையான ஸ்பாஞ்சும் வைத்துக் குறைந்த வேகத்தில் இன்னொரு முறை ஓட்டினால்தான் அது மறையும்.

எங்கள் ஊரில் இதற்கு இரண்டு சிக்கல் கூடுதலாக உண்டு. ஒன்று போர்வெல் தண்ணீர். சிறுவாணித் தண்ணீரில் கழுவிய காரில் கறை நிற்காது. உப்புத் தண்ணீர் வெயிலில் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும், நாள்பட்டால் கிளியர் கோட்டையே அரிக்கும். இன்னொன்று ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அது புகுந்து வீசும் மாதங்களில் ஷட்டரைத் திறந்துவைத்து வேலை செய்தால், தேய்க்கும் பசையான காம்பவுண்ட் பாதியிலேயே காய்ந்துவிடும், மணல் துகளும் வந்து ஒட்டும். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் கிளியர் கோட்டைவிடப் பல மடங்கு கெட்டி. பேட்டுக்கு அடியில் ஒன்று மாட்டினாலும் போதும், பாலிஷ் போட்ட இடத்தில் வளைந்து வளைந்து கோடு விழும்.

கடைசியாக விளிம்புகள். பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே பரப்பு இழுவிசை அதைக் கூர்மையான ஓரத்திலிருந்து உள்ளே இழுத்துவிடுகிறது. அதனால் பானெட் ஓரம், கதவு மடிப்பு இவற்றிலெல்லாம் படலம் ஏற்கெனவே மெல்லியது. அதன்மேல் பேட் ஏறினால், ஓர் உள்ளங்கைப் பரப்பில் பரவ வேண்டிய அழுத்தம் ஒரு கோட்டில் குவியும். சுழற்சி எப்போதும் பரப்பிலிருந்து ஓரத்தைக் கடந்து வெளியே போகும்படி மெஷினைத் திருப்பிக்கொள்ள வேண்டும். உள்நோக்கி வந்தால் விளிம்பு பேட்டைக் கவ்வும். அப்புறம், தொடங்குமுன் எல்லா ஓரத்திலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். அந்தப் பழைய பானெட்டில் நான் ஒட்டாமல் விட்ட ஒரு சாண் நீளத்தில் இரண்டே நொடியில் சாம்பல் நிற ப்ரைமர் எட்டிப் பார்த்தது. ஒட்டிய இடங்களில் டேப்பை உரித்தபோது, அதன்மேல் ஏழெட்டு இடத்தில் நூல் நூலாகத் தேய்ந்திருந்தது. அடியில் பெயின்ட் அப்படியே இருந்தது.