இருக்கை உரிமமா, ஆள்கணக்கு உரிமமா?

"இந்த மென்பொருளுக்கு 50 இருக்கை உரிமங்கள் தேவை." இதே மாதிரி வரியை நேற்று மறுபடியும் படித்தேன். 50 நாற்காலி போடச் சொல்வதாகத்தான் எனக்குக் கேட்கிறது. பேருந்தில் இருக்கை உண்டு, பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை உண்டு. மென்பொருளுக்கு எதற்கு?

லைசென்ஸ் என்ற சொல், 'அனுமதி உண்டு' என்று பொருள்படும் 'லிசெரே' என்ற லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. தமிழில் உரிமம்; உரிய, உரிமை எல்லாம் இதன் உறவு. இதில் தகராறு இல்லை. தகராறு, எத்தனை உரிமம் வாங்க வேண்டும் என்று எண்ணும் 'பெர் சீட்' முறையின் பெயரில்தான்; அதைத்தான் 'இருக்கை' என்று எழுதுகிறார்கள்.

ஆங்கிலத்திலேயே அது குழப்படியான பெயர். சர்வர் என்னும் மையக் கணினிக்காக மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் என்டி சர்வரில் 'பெர் சீட்' என்று ஓர் உரிம முறை இருந்தது. சீட் என்பது உட்கார்ந்திருக்கும் ஆளா, அவர் முன்னால் இருக்கும் கணினியா? விண்டோஸ் சர்வர் 2003 வந்தபோது மைக்ரோசாஃப்டே அதை 'பெர் டிவைஸ் ஆர் பெர் யூசர்' (கருவிக்கு ஒன்று அல்லது பயனருக்கு ஒன்று) என்று மாற்றிவிட்டது. அவர்கள் கழற்றிப் போட்டதை நாம் இன்னும் மாட்டிக்கொண்டு திரிகிறோம்.

எதை எண்ணுகிறோம் என்பதுதானே கேள்வி? ஆளை எண்ணினால், ஒருவர் மேசைக்கணினி, மடிக்கணினி, கைப்பேசி என்று எதிலிருந்து சர்வருக்குள் நுழைந்தாலும் ஓர் உரிமம் போதும். கருவியை எண்ணினால், ஒரே கணினியில் 3 ஷிப்டில் 3 பேர் மாறி மாறி உட்கார்ந்தாலும் ஒன்று போதும். இரண்டையும் 'இருக்கை' என்றே எழுதிவைத்தால், எத்தனை வாங்குவது என்று கணக்குப் போடுகிறவர் என்ன செய்வார்?

'பயனர் உரிமம்' இருக்கிறதே என்பார்கள். அது ஏதோ பயனரின் உரிமைகளைப் பேசுவது போல இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒன்று என்ற கருத்து அதில் வரவே இல்லை. ஆளுக்கு ஒன்று, தலைக்கு இவ்வளவு என்று பேச்சில் சரளமாகச் சொல்கிறோம், எழுத உட்கார்ந்தால் மட்டும் மறந்துவிடுகிறது. ஆள்கணக்கு உரிமம், கருவிக்கணக்கு உரிமம் என்றால் யாருக்கும் விளங்கும். 'ஆள்வாரி' என்று ஒருவர் சொன்னார். மாவட்டவாரி, துறைவாரி மாதிரி அது பிரித்துக் காட்டும் சொல், எண்ணும் சொல் அல்ல.

இன்னொரு வகையும் உண்டு. 10 உரிமம் வாங்கி சர்வரில் வைத்தால், யார் வேண்டுமானாலும் நுழையலாம். ஒரே நேரத்தில் 10 பேர்தான். 11-ஆவது ஆள், உள்ளே இருப்பவர் ஒருவர் வெளியேறும்வரை காத்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'கன்கரன்ட் லைசென்ஸ்' எனப்படும் இதைச் 'சமகால உரிமம்' என்று மொழிபெயர்த்திருந்ததைப் பார்த்தேன். சமகாலக் கவிதை மாதிரி! உடன்நேர உரிமம் என்றால் என்ன குறைந்துவிடும்? அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லைப் பிய்த்து ஒட்டுகிறவர்களை, ஒரு நாள் அந்த 11-ஆவது ஆளாக நிறுத்திவைக்க வேண்டும்.