சொல்வழி கேளாத நாய்க்கு என்ன குறை?

"டொக்டர், இவன் சொல்வழி கேக்கிறானில்லை. ஆருக்காவது குடுத்திடலாமோ எண்டு யோசிக்கிறம்."

வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றிலிருந்து வந்த குடும்பம் அது. கூட வந்தது 11 மாத லப்ரடோர் நாய். முதல் நாள் வாசலில் பாய்ந்து அம்மம்மாவை விழுத்தியிருந்தது; அவருடைய மணிக்கட்டில் வெடிப்பு. இரண்டு சோடி சப்பாத்தும் செற்றியின் ஒரு மூலையும் அதற்கு முன்பே போய்விட்டன. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் நடக்கிறது என்று கேட்டேன். "மொட்டைமாடிக்கு ரெண்டு தரம், பத்துப் பத்து நிமிசம்." மிச்ச நேரமெல்லாம் பல்கனியில், சங்கிலியில்.

லப்ரடோரின் மூதாதைகள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் குளிர்கடலில் நீந்தி, மீனவர்களுக்கு வலை இழுத்துக் கொடுத்த நாய்கள். அல்சேஷன் இன நாய், ஆடு மேய்ப்பதற்காக வளர்த்தெடுக்கப்பட்டது. அப்படிப்பட்ட உடம்பை ஆறடிப் பல்கனியில் கட்டிவைத்தால் அந்தத் தெம்பு சப்பாத்திலும் செற்றியிலும்தான் இறங்கும். இதை நாம் குழப்படி என்கிறோம். நான் வேலையில்லாத் திண்டாட்டம் என்பேன். அதோடு 6 மாதம் தொடங்கி ஒன்றரை வயதுவரை நாய்க்கு இளவட்டப் பருவம். குட்டியில் படித்ததைக்கூட மறந்ததுபோல நடக்கும். கொடுத்துவிடலாம் என்ற பேச்சோடு என்னிடம் வரும் நாய்கள் பெரும்பாலும் இந்த வயதுதான். இன்னும் சில மாதம் பொறுத்திருக்கலாமே என்று ஒவ்வொரு முறையும் மனம் நோகும்.

தயவுசெய்து அடிக்காதீர்கள். மத்தியானம் கடித்த செருப்புக்கு மாலையில் அடி விழுந்தால், எதற்கென்று நாய்க்குத் தெரியாது. காதை மடித்துத் தலையைக் குனிவது குற்ற உணர்வால் அல்ல, உங்கள் முகத்தைப் பார்த்த பயத்தால்.

அந்தக் குடும்பத்துக்கு நான் முதலில் சொன்னது சாப்பாட்டைக் கோப்பையில் வைக்காதீர்கள் என்பதுதான். நாயின் உலகம் மூக்கில் இருக்கிறது. காய்ந்த உணவை ஒரு பழைய துவாயில் தூவிச் சுருட்டிக் கொடுங்கள். கதிரைக் காலடியிலும் கதவு மறைவிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஒளித்துவைத்துத் தேட விடுங்கள். கால் மணித்தியாலம் மூக்கால் தேடிய நாய், ஓடிக் களைத்த நாயைப்போலப் போய்ப் படுக்கும். துவாயைக் கிழித்து விழுங்கும் பழக்கம் இருந்தால் மட்டும் அது வேண்டாம், ஒளித்துவைப்பதே போதும். நடக்கும்போதும் அவசரப்படுத்தி இழுக்காதீர்கள், மணந்து பார்க்க விடுங்கள்.

நடையை விடியற்காலை ஐந்தரைக்கு மரைன் டிரைவ் பக்கம் வைத்துக்கொள்ளச் சொன்னேன். நாய் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. கொழும்பின் ஈரக்காற்றில் அது சரிவர நடக்காது. வெயில் ஏறினால் தார் பாதத்தையும் சுடும். உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள், உங்களுக்குப் பொறுக்காதது அதற்கும் பொறுக்காது. நாக்கு கடுஞ்சிவப்பாகி, எச்சில் தடித்து, தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய், உடனே பைப் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, விசிறிவிட்டு, அதன் பிறகு வைத்தியரிடம் கொண்டு ஓடுங்கள். உடம்புச் சூடு 41 பாகை செல்சியஸைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

பாய்வதை நிறுத்துவதுதான் வீட்டார் எல்லாரும் சேர்ந்து செய்யவேண்டிய வேலை. கத்துவதும் தள்ளுவதும் நாய்க்கு விளையாட்டு. பாய்ந்தால் கையைக் கட்டிக்கொண்டு திரும்பி நில்லுங்கள். நாலு காலும் நிலத்தில் பட்டதும் தடவிக் கொடுங்கள். முதல் சில நாள் பாய்ச்சல் கூடும், அங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். பிள்ளைகள் திரும்பி நிற்க, அப்பா மட்டும் வேலையால் வந்து "வாடா" என்று தூக்கிக் கொஞ்சினால் எல்லாம் வீண். பழகும்வரை அம்மம்மா நடமாடும் நேரத்தில் நாய்க்கு வார் போட்டு ஒருவர் கையில் வைத்திருக்கட்டும்.

ஆறு கிழமைக்குப் பிறகு தடுப்பூசிக்கு வந்தார்கள். கொடுத்துவிடும் பேச்சு இல்லை. சப்பாத்துகளை இன்னும் அலுமாரிக்கு மேல்தான் வைக்கிறார்களாம்.

சாதுவாக இருந்த வளர்ந்த நாய் திடீரென்று சீறத் தொடங்கினால் அது வேறு விஷயம். காது, பல், இடுப்பு என்று எங்கோ நோவு இருக்கலாம். பழக்குகிறேன் என்று நாள் கடத்தாமல் கொண்டுவந்து காட்டுங்கள். விளையாட்டில் பல் பட்டுத் தோல் கிழிந்தாலும், வீட்டு நாய்தானே என்று விடாதீர்கள். விசர்நாய்க்கடி நோய் தொற்றி, அறிகுறி காட்டிவிட்டால் உயிர் தப்புவது மிக அரிது. சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும்போது நாயின் தடுப்பூசி அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள்.