விந்து முந்துதல்: முடிவெடுப்பது தண்டுவடம்

பெயர் போட வேண்டாம் என்ற வேண்டுகோளோடு வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. உறவு தொடங்கியதுமே முடிந்துவிடுகிறது. மனைவியிடம் பேச வெட்கம், நண்பர்களிடம் சொல்லப் பயம். கடைசியில் பேருந்து நிலையத்துச் சுவரொட்டியைப் பார்த்து, லாட்ஜில் முகாம் போட்டிருந்த பரம்பரை வைத்தியர் ஒருவரிடம் போயிருக்கிறார். நாடி பிடித்த வேகத்தில் தீர்ப்பு வந்துவிட்டது: "சின்ன வயசுக் கைப்பழக்கம், அதனால நரம்புத் தளர்ச்சி." லேகியத்துக்கு ஒரு மாதச் சம்பளம் காலி. தளர்ந்த நரம்பை மறுபடி முறுக்கேற்ற வேறு வழி உண்டா என்று கேட்கிறார்.

நரம்பு எதுவும் தளரவில்லை ஐயா. சொல்லப்போனால் இந்த வேலையைச் செய்யும் நரம்புச் சுற்று படு சுறுசுறுப்பாக இருக்கிறது. அதுதான் சிக்கலே.

முதலில் நேரக் கணக்கை முடித்துவிடுவோம். நெதர்லாந்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் மார்செல் வால்டிங்கரும் அவருடைய சகாக்களும் 2005-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நெதர்லாந்து, பிரிட்டன், ஸ்பெயின், துருக்கி, அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் சுமார் 500 ஜோடிகளிடம் ஸ்டாப்வாட்ச் கொடுத்து, உறுப்பு உள்ளே நுழைந்ததிலிருந்து விந்து வெளியேறும்வரை ஆகும் நேரத்தை வீட்டிலேயே அளந்து எழுதச் சொன்னார்கள். பொத்தானை அழுத்தும் பொறுப்பு பெண்ணுக்கு. கிடைத்த நேரங்களை வரிசையாக அடுக்கியபோது நட்டநடுவில் நின்றது 5.4 நிமிடம். அதாவது பாதிப் பேருக்கு அதற்குள்ளேயே முடிந்துவிட்டது. ஒரு கோடியில் அரை நிமிடத்துக்குச் சற்று மேல், மறு கோடியில் 44 நிமிடம். அரை மணி நேரம் என்று அளந்துவிடும் நண்பர்களையும் செல்போனில் பார்க்கும் படங்களையும் அளவுகோலாக வைத்துக்கொண்டு புழுங்கும் பலருக்கு நோய் என்று ஒன்றும் இல்லை.

மருத்துவர்கள் நோய் என்று எதைச் சொல்கிறார்கள்? முதல் அனுபவத்திலிருந்தே ஏறக்குறைய 1 நிமிடத்துக்குள் முடிந்துவிடுவது ஒரு வகை. நன்றாக இருந்தவருக்கு இடையில் 3 நிமிடமோ அதற்கும் குறைவாகவோ சுருங்கிவிடுவது இன்னொரு வகை. எதுவானாலும், தள்ளிப்போட முடியாமையும் அதனால் வரும் மனவேதனையும் கூடவே இருக்க வேண்டும். ஒன்றரை நிமிடத்தில் முடிந்தாலும் இருவரும் சந்தோஷமாக இருந்தால் மருத்துவருக்கு அங்கே வேலை இல்லை.

சரி, உள்ளே நடப்பது என்ன? இரண்டு கட்டங்கள். முதலில் விந்துப்பைகளும் பிராஸ்டேட் சுரப்பியும் விந்துக் குழாயும் தத்தம் சரக்கைச் சிறுநீர்க் குழாயின் தொடக்கத்தில் கொண்டுவந்து சேர்க்கின்றன. சிறுநீர்ப்பையின் வாய் இறுக மூடிக்கொள்கிறது. அடுத்து, ஆணுறுப்பின் அடிப்பகுதியில் இருக்கும் தசை ஏறக்குறைய 0.8 வினாடிக்கு ஒருமுறை சுருங்கிச் சுருங்கி வெளியே தள்ளுகிறது. முதல் கட்டம் நடந்துவிட்டால் அப்புறம் யாராலும் நிறுத்த முடியாது. தும்மலைப் போலத்தான், மூக்கு நமநமக்கும்போது அடக்கலாம், "அச்" என்று ஆரம்பித்த பிறகு முடியாது.

இந்த இரண்டு கட்டங்களையும் நடத்துவது வெவ்வேறு நரம்புகள், வெவ்வேறு தசைகள். இவற்றை இவ்வளவு துல்லியமாக ஒருங்கிணைப்பது யார்? மூளை என்றுதான் நாம் நினைப்போம். 2002-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் வில்லியம் ட்ரூயிட்டும் லீக் கூலனும் செய்த பரிசோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது.

ஆண் எலியின் முதுகுத் தண்டுவடத்தில், இடுப்புப் பகுதியில், ஒரு சின்னக் கூட்டம் நரம்பணுக்கள் இருக்கின்றன. விந்து வெளியேறினால் மட்டும் இவை விழித்துக்கொண்டதற்கான தடயம் தெரியும். வெறுமனே இணைசேர முயன்றால் தெரியாது. இவைதான் காரணமா, அல்லது சும்மா வேடிக்கை பார்ப்பவையா? அக்கம்பக்கத்து அணுக்களைத் தொடாமல் இவற்றை மட்டும் அழித்துப் பார்த்தால்தான் தெரியும். கத்தியால் ஆகிற காரியமில்லை. ஆனால் இந்த அணுக்களின் மேல் 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற ரசாயனத்தைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் இருந்தன. அந்த ரசாயனத்தைப் போன்ற ஒன்றின் முதுகில், சோப்பு போல நுரைக்கும் ஒரு செடியிலிருந்து எடுத்த சாபோரின் என்ற நஞ்சைக் கட்டி ஊசியில் ஏற்றினார்கள். அந்த அணுக்கள் வழக்கம்போல ரசாயனத்தை உள்ளே இழுத்தன. கூடவே நஞ்சும் போனது.

நஞ்சூட்டப்பட்ட எலிகளுக்கு ஆசை குறையவில்லை. பெண் எலியின் மேல் ஏறின, புணர்ந்தன. எல்லாம் சரியாக நடந்தது, விந்து வெளியேறுவதைத் தவிர. அது மட்டும் அறவே நின்றுபோனது. உறுப்பிலிருந்து வரும் உணர்ச்சிகளைக் கூட்டிக் கணக்குப் பார்த்து, 'இப்போது' என்று தசைகளுக்கும் சுரப்பிகளுக்கும் உத்தரவு போடுவது அந்தக் கையளவுகூட இல்லாத கூட்டம்தான். அந்த அணுக்களின் இன்னொரு கிளை மேலே மூளையின் தலாமஸுக்குப் போகிறது. காரியத்தைத் தொடங்கிவிட்டு மேலிடத்துக்குத் தகவல் சொல்கிறது! மனிதர்களிலும் இதே மையம் கீழ்முதுகுத் தண்டுவடத்தில் எல்3 முதல் எல்5 வரையிலான கண்டங்களில் இருப்பதாக, தண்டுவடம் அடிபட்ட ஆண்களிடம் செய்த ஆய்விலிருந்து பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் 2017-இல் அறிவித்தார்கள்.

எலிக்கு விந்து வருகிறதா என்று பார்க்கவா வரிப்பணம் என்று கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. இதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்பது என் கட்சி. கேள்வியே கேட்க வெட்கப்படும் இடத்தில்தான் போலி வைத்தியர் கடை போடுகிறார்.

அப்படியானால் மூளைக்கு என்ன வேலை? அடக்கி வைப்பது. மயக்கத்தில் இருக்கும் எலியைத் தூண்டினால் இந்த அனிச்சைச் செயல் எளிதில் வராது; மூளையிலிருந்து வரும் இணைப்பைத் துண்டித்தால் வந்துவிடும். மூளைத்தண்டின் ஒரு பகுதியிலிருந்து இறங்கும் நரம்புகள் செரட்டோனின் என்ற ரசாயனத்தைச் சொட்டி, தண்டுவட மையத்தை எந்நேரமும் பொறு பொறு என்று பிடித்து வைத்திருக்கின்றன. இந்தப் பிடி எவ்வளவு இறுக்கம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். உயரம் மாறுவதில்லையா, அப்படி. சுய இன்பம் இந்த நரம்புகளைத் தேய்ப்பதில்லை. ஒரு சொட்டு விந்துக்கு 40 சொட்டு ரத்தம் என்பதும் கட்டுக்கதை. விந்தில் பெரும்பங்கு விந்துப்பையும் பிராஸ்டேட்டும் சுரக்கும் நீர்.

மருந்து எங்கே வேலை செய்கிறது என்று இப்போது புரிந்திருக்கும். மனச்சோர்வுக்குச் செரட்டோனினைக் கூட்டும் மாத்திரை சாப்பிட்டவர்கள், விந்து வெளியேறத் தாமதமாகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். அந்தப் பக்கவிளைவே இங்கே சிகிச்சையானது. பராக்ஸிடின், செர்ட்ரலின் போன்றவற்றைத் தினமும் எடுக்க வேண்டும்; பலன் தெரிய ஓரிரு வாரம் ஆகலாம், திடீரென்று நிறுத்தவும் கூடாது. டபாக்ஸிடின் என்பது இதற்கென்றே வந்த மாத்திரை. உறவுக்கு 1 முதல் 3 மணி நேரம் முன்பு போட்டுக்கொள்வது, உடலிலிருந்து சீக்கிரம் வெளியேறிவிடும். குமட்டலும் தலைசுற்றலும் வரலாம், சிலர் மயங்கி விழுவதும் உண்டு. மதுவோடு சேரவே கூடாது. தோலை லேசாக மரக்கச் செய்யும் கிரீம்கள் எதிர்முனையில், உணர்ச்சி கிளம்பும் இடத்திலேயே வேலை செய்கின்றன. ஆணுறை போடாவிட்டால் மனைவிக்கும் மரத்துவிடும். மருந்தில்லாத வழியும் பழையது: உச்சம் நெருங்கும்போது நிறுத்தி, அடங்கியபின் தொடர்வது. ஜேம்ஸ் செமன்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1956-இலேயே எழுதியது. மனைவி ஒத்துழைத்தால்தான் இது நடக்கும். ஆகவே அந்த வெட்கத்தை விட்டுப் பேசித்தான் ஆக வேண்டும்.

விந்து முந்துதலைக் குணமாக்குவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது இந்திய மருந்து விதிகளிலேயே இருக்கிறது. சுவரொட்டி ஒட்டுபவர்களுக்கு அது தெரியாமல் இல்லை. மூலிகைச் சூரணம் என்ற பெயரில் விற்கப்படும் பொடிகளில் சில்டனாபில் (வயாக்ராவில் இருக்கும் விறைப்பு மருந்து) கலந்து பிடிபட்ட சம்பவங்கள் உலகெங்கும் உண்டு. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவருக்கு அது உயிருக்கே ஆபத்து.

நம் வாசகர் பார்க்க வேண்டியது சிறுநீர்ப்பாதை மருத்துவரை (யூராலஜிஸ்ட்) அல்லது மனநல மருத்துவரை. பெரிய அரசு மருத்துவமனைகளிலேயே இந்தப் பிரிவுகள் இருக்கின்றன. பெரும்பாலும் பேச்சிலேயே நோய் தெரிந்துவிடும்: எப்போதிலிருந்து, எவ்வளவு நேரத்தில், எல்லாச் சமயமுமா என்று கேட்பார்கள். இடையில் வந்த தொல்லை என்றால் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறதா, பிராஸ்டேட்டில் அழற்சியா, விறைப்பு தங்காமல் போய்விடுமோ என்று அவசரப்படுகிறாரா என்று பார்ப்பார்கள். அப்படியிருந்தால் அதைச் சரிசெய்ய, இதுவும் சரியாகிவிடலாம். வேறு மாத்திரைகள் சாப்பிடுகிறீர்களா, முன்பு மனநலச் சிகிச்சை எடுத்ததுண்டா என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எந்த மருந்து, எவ்வளவு என்பதை முடிவு செய்ய அவருக்கு அதுதான் தேவை.