மேப் எடிட்டரைத் திருப்பி எழுதப் போகிறீர்களா? முதலில் மேப்பைக் காப்பாற்றுங்கள்

போன மாதம் வேளச்சேரியிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். டூம் 2 என்ற பழைய சுடும் கணினி விளையாட்டுக்காகப் பல மாதமாக ஒரு மேப் (ஆடும் களம்) செய்துகொண்டிருந்தவர். வழக்கமாகப் பயன்படுத்தும் எடிட்டரை (மேப் வரையும் மென்பொருளை) யாரோ முழுக்கத் திருப்பி எழுதி வெளியிட்டிருக்கிறார்கள் என்று இறக்கி, மேப்பைத் திறந்து, ஒரு விளக்கை நகர்த்தி, சேவ் செய்திருக்கிறார். அவ்வளவுதான் செய்தது. அப்புறம் விளையாடிப் பார்த்தால், மான்ஸ்டர் எல்லாம் செத்த பிறகும் இறங்க வேண்டிய சுவர் இறங்கவில்லை. ஆடுகிறவர் அந்த அறையிலேயே மாட்டிக்கொள்கிறார். எடிட்டர் ஒரு எச்சரிக்கைகூடக் காட்டவில்லை. பேக்கப்பும் கிடையாது.

எனக்கு மென்பொருள் வேலை. வார இறுதிகளில் திறமூலத் திட்டங்களுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளின் நிரலை (கோட்) படித்துத் திருத்திக் கொடுக்கிறேன். இந்த மாதிரி அழைப்பு எனக்குப் புதிதல்ல. எடிட்டர் மாறுகிறது, காரணம் மாறவே இல்லை. பொறுமை போய்த்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். டூமில் சுவிட்சை அழுத்தினால் தூரத்தில் ஒரு கதவு திறக்க வேண்டும் என்றால், சுவிட்ச் இருக்கும் கோட்டுக்கும் (மேப்பில் வரையும் சுவர்க்கோடு) கதவாக இருக்கும் செக்டருக்கும் (கோடுகள் சூழ்ந்த பகுதி) ஒரே டேக் எண்ணைக் கொடுப்போம். எந்தக் கோடும் குறிப்பிடாத டேக் வீண் என்று முடிவு செய்து, புதிய எடிட்டர் சேவ் செய்யும்போது அவற்றையெல்லாம் பூஜ்யமாக்கியிருக்கிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் 666, 667 என்று இரண்டு எண்கள் உண்டு. டூம் 2-ன் ஏழாவது மேப்பாக வருவதில் மான்குபஸ் என்ற மான்ஸ்டர் எல்லாம் செத்தால் 666 டேக் உள்ள செக்டரின் தரை இறங்கும், அரக்னோட்ரான் என்ற இன்னொரு மான்ஸ்டர் எல்லாம் செத்தால் 667 உள்ள தரை உயரும். (டூமில் இறங்கும் சுவர் என்பதே உயர்த்தி வைத்த தரைதான்.) இந்த எண்களை எந்தக் கோடும் கூப்பிட வேண்டியதில்லை. விளையாட்டின் நிரலுக்குள்ளேயே அப்படி எழுதியிருக்கிறது. பழைய எடிட்டரில் இந்த இரண்டு எண்களையும் தொடாமல் விடச் சொல்லும் ஒரு வரி இருந்தது. பக்கத்தில் விளக்கம் எதுவும் எழுதவில்லை. புதிதாக எழுதியவர் அதைக் குப்பை என்று தூக்கிவிட்டார்.

எனக்கு எரிச்சல் வருவது இந்த ‘குப்பை’ என்ற பேச்சில்தான். “கோட் படிக்கவே முடியலண்ணா, அதான் முதல்லேர்ந்து எழுதிட்டேன்” என்று எத்தனை பேர் சொல்லிவிட்டார்கள்! படிக்க முடியாதது வேறு, தேவையில்லாதது வேறு. பொழுதுபோக்காக எழுதிய எடிட்டரில், வடிவாக இருக்கும் வரிகள் பெரும்பாலும் முதல் வாரத்தில் எழுதியவை. கோணல்மாணலாக இருப்பவை பின்னால் யாரோ ஒருவரின் மேப் உடைந்து, அவர் புகார் சொல்லி, ராத்திரி உட்கார்ந்து சேர்த்தவை. உங்களுக்குப் புரியாத ஒவ்வொரு இஃப் (நிபந்தனை) வரிக்கும் பின்னால் ஒரு மேப் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள். கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியில் பிளேம் போட்டு, அந்த வரி எந்தக் கமிட்டில், அதாவது எந்த மாற்றத்தில், வந்தது என்று பாருங்கள். கிட் வந்ததே 2005-ல்தான். அதற்கு முந்தைய வரலாறு பல திட்டங்களில் தொலைந்துபோயிருக்கும். அப்போது எழுதியவரிடமே கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகச் சொல்வார்கள். கேட்பதற்கு என்ன கூச்சம்?

இன்னொன்றும் அடிக்கடி பார்க்கிறேன். டூம் மேப்புகள் இருக்கும் வாட் ஃபைலுக்குள் உள்ள துண்டுகளை லம்ப் என்போம். ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் எட்டு எழுத்தில் ஒரு பெயர். அந்தப் பெயர் தனித்துவமானது அல்ல. ஒவ்வொரு மேப்புக்கும் திங்ஸ், லைன்டெஃப்ஸ் என்று அதே பெயர்களில் லம்புகள் இருக்கும். அளவே இல்லாத ஓர் அடையாள லம்புக்குப் பின்னால் வரும் வரிசையை வைத்துத்தான் எது எந்த மேப்புக்கு உரியது என்று தெரியும். இதை, ஒரு பெயருக்கு ஒன்றை மட்டுமே வைத்திருக்கும் பைத்தான் டிக்‌ஷனரியில் பெயர் வாரியாகப் போட்டால் கடைசி மேப் மட்டும் மிஞ்சும். ஒரே மேப் உள்ள ஃபைலை வைத்துச் சோதித்தவருக்கு இது தெரியவே தெரியாது.

சின்னச் சதுரப் படங்களை (டைல்) அடுக்கிச் செய்யும் டைல் மேப் பக்கமும் இதே கதைதான். டைல்ட் என்ற எடிட்டரின் டிஎம்எக்ஸ் ஃபைலில் 5 என்ற எண்ணுள்ள டைலை இடவலமாகத் திருப்பினால் அது 2147483653 என்று பதிவாகும். 32 பிட்டில் மேல் பிட்டுகள் திருப்பலைக் குறிக்கின்றன. “கெட்டுப்போன எண்” என்று அதைச் சுத்தம் செய்கிற கோடை நானே படித்திருக்கிறேன்.

திருப்பி எழுதவே கூடாது என்று சொல்லவில்லை. பைத்தான் 2-க்கு 2020 ஜனவரி 1-உடன் ஆதரவு முடிந்தது. அதிலேயே நிற்கும் எடிட்டரை யாராவது எடுத்துச் செய்யத்தான் வேண்டும். டைல்ட் எடிட்டர் முதலில் ஜாவாவில் இருந்தது, பிறகு சி++ மொழியில், க்யூட்டி நூலகத்தோடு, புதிதாக எழுதப்பட்டது. ஆனால் டிஎம்எக்ஸ் வடிவம் தொடர்ந்தது, மக்கள் செய்து வைத்த மேப்புகளும் பிழைத்தன.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். திரையில் ஒரு பட்டனை வரைவதற்கு முன் ஃபைலைப் படிக்கும், எழுதும் பகுதியை மட்டும் எழுதுங்கள். திறந்து, எதையும் தொடாமல் சேவ் செய்து, பழையதோடு ஒப்பிடுங்கள். நோட்ஸ், பிளாக்மேப் போல மறுபடி கட்டப்படும் லம்புகளை ஒதுக்கிவிட்டு, மற்றவை பைட் பைட்டாக ஒத்துப்போக வேண்டும். இந்தச் சோதனைக்கு நீங்கள் வரைந்த சதுர அறை போதவே போதாது. டூம் மேப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஐடிகேம்ஸ் ஆர்க்கைவில் ஆயிரக்கணக்கான மேப்புகள் கிடக்கின்றன, இறக்கி ஓடவிடுங்கள். உங்களுக்குப் புரியாத தகவல் ஃபைலில் இருந்தால் அப்படியே வைத்திருந்து அப்படியே திருப்பி எழுதுங்கள். எதையாவது சுத்தம் செய்தே ஆக வேண்டுமென்றால் அதற்குத் தனி மெனு வையுங்கள். சேவ் பட்டன் சேவ் மட்டும் செய்யட்டும்.

சேவ் செய்யும்போது பழைய ஃபைலின் மேலேயே எழுதாதீர்கள். அதே ஃபோல்டரில் தற்காலிக ஃபைலாக எழுதி முடித்து, பழையதை பேக்கப்பாக வைத்துவிட்டுப் பெயரை மாற்றுங்கள். நவம்பர் மழையில் கரன்ட் எப்போது போகும் என்று நம்மூரில் யாருக்குத் தெரியும்? யுபிஎஸ் இல்லாத வீட்டில் பாதி எழுதிய ஃபைல்தான் மிஞ்சும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். இந்த எடிட்டர்களைப் பயன்படுத்தும் பிள்ளைகளில் பலரிடம் இருப்பது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் லேப்டாப், 4 ஜிபி ரேம். பழைய எடிட்டர் அதில் சுகமாக ஓடியது. ஒரு பிரவுசரையே உள்ளே சுமக்கும் எலக்ட்ரானில் எழுதினால் உங்களுக்கு வேலை சுலபம்தான். ஆனால் அந்த லேப்டாப்பில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், ப்ளீஸ்.

லைசென்ஸ் விஷயத்திலும் அலட்சியம் வேண்டாம். ஜிபிஎல் (மாற்றி வெளியிட்டாலும் அதே லைசென்ஸில் திறந்து வைக்கச் சொல்லும் லைசென்ஸ்) கோடைப் பார்த்துப் பார்த்து வேறு மொழியில் எழுதினால் அது உங்கள் சொந்தக் கோட் ஆகிவிடாது. பழையவர்களின் பெயர்களை எடுக்காதீர்கள்.

ஏற்கெனவே வெளியிட்டுவிட்டு, உங்கள் எடிட்டர் மேப்பை உடைக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறதா? கோடைத் திருத்த உட்காருவதற்கு முன், எந்தப் பதிப்பு எதை அழிக்கிறது என்று திட்டப் பக்கத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். அந்தப் பதிப்பை இறக்கும் இணைப்பை எடுத்துவிட்டு, பழைய எடிட்டரின் இணைப்பை அந்த இடத்தில் போடுங்கள். இதை இன்றைக்கே செய்யுங்கள்.