அண்டி ஆபீஸ் கூலி: கிலோவை நாளாக்கும் கணக்கு

குமரி மாவட்டத்தில் தொழில் நடத்துகிறவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு "ஆள் கிடைக்கல" என்பதில்தான் வந்து நிற்கும். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிக்கொட்டை ஆலையில், தல்ல (ஓட்டை உடைத்துப் பருப்பெடுக்க) ஆளில்லை, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்ட ஆளில்லை, கொத்தனாருக்குக் கையாள் இல்லை. காலையில் கேரள எல்லையில் உள்ள களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் பக்கம் போகும் பேருந்தில் ஏறிப் பார்த்தால் அந்த ஆட்கள் எங்கே என்பது தெரிந்துவிடும்.

ரிசர்வ் வங்கி வெளியிட்ட மாநிலவாரிப் புள்ளிவிவரப்படி, 2022-23-இல் ஊரகக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி கேரளத்தில் ஏறக்குறைய 852 ரூபாய், தமிழ்நாட்டில் 500 ரூபாய். நாட்டின் சராசரி 393. நூறு நாள் வேலைக்குக் கூட 2025-26-இல் தமிழ்நாட்டுக்கு 336 ரூபாய், கேரளத்துக்கு 369 ரூபாய் என்றுதான் அரசு அறிவித்தது. இந்த வித்தியாசம் இருக்கும்வரை கொத்தனாரும் கையாளும் எல்லை தாண்டத்தான் செய்வார்கள். அவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பெரிதாகத் தேவைப்படுவதில்லை. சந்தைக் கூலி அதைத் தாண்டிவிட்டது.

சட்டம் தேவைப்படுவது பேருந்து ஏற முடியாதவர்களுக்கு. பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் வீடு திரும்ப வேண்டிய பெண்கள் உள்ளூர் முந்திரி ஆலையிலும் துணிக்கடையிலும்தான் வேலை பார்க்க முடியும். முந்திரி ஆலைகள் இங்கே பெருகியதற்கே கூலிதான் காரணம். கேரளத்தின் கொல்லத்தில் குறைந்தபட்ச ஊதியமும் சங்கமும் வலுப்பெற்றபோது முதலாளிகள் பலர் ஆலையைக் குமரிப் பக்கம் மாற்றினார்கள். அப்படி வந்த தொழிலில் இன்றும் குழப்பம் எங்கே நடக்கிறது என்றால், தராசில்.

ஆலையில் வறுக்கிற, அவிக்கிற, மூட்டை தூக்கும் வேலைகளுக்கு ஆண்கள், பெரும்பாலும் நாள்கூலி. தல்லுவதும் தோல் உரிப்பதும் பெண்கள், கிலோ கணக்கு. அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஊதியமோ அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்தது. அகவிலைப்படி சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை வைத்து ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் மாறும். கிலோ ரேட் அப்படித் தானாக மாறுவதில்லை. இரண்டுக்கும் நடுவில் விழும் இடைவெளியை யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1948-ஆம் ஆண்டு குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் இடத்தில் 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய அறிவிக்கைகள் புதிய சட்டத்துக்கு முரணில்லாத அளவுக்குத் தொடரும். கிலோ கணக்கில் வேலை செய்கிறவருக்கும் நேரக் கணக்கில் ஒரு குறைந்தபட்சம் உறுதியாக வேண்டும் என்கிறது பிரிவு 6. நேர ஊதியம் மட்டும் அறிவிக்கப்பட்டிருந்தால், துண்டு வேலைக்காரருக்கும் அதற்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்கிறது பிரிவு 12. "அவள் குறைவாக உரித்தாள், குறைவாக வாங்கினாள்" என்பது பதிலாகாது.

கணக்கைப் பார்ப்போம். கீழே வரும் ரூபாய்த் தொகைகள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் ஆலைக்கு நடப்பு அறிவிக்கையில் உள்ள தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள். அறிவிக்கப்பட்ட நாள் ஊதியம் 450 ரூபாய், தோல் உரிக்கக் கிலோவுக்கு 30 ரூபாய் என்று வையுங்கள். எட்டு மணி நேரத்தில் 10 கிலோ உரித்தால் 300 ரூபாய். குறைவு 150. மாதம் 24 நாள் வேலை என்றால் 3,600 ரூபாய். 450 எட்ட வேண்டுமானால் 15 கிலோ உரிக்க வேண்டும். 15 கிலோ ஆகுமா என்பதுதான் கேள்வி.

அதற்குப் பருப்பின் அளவைப் பார்க்க வேண்டும். 320 என்று தரம் சொல்வது ஒரு பவுண்டில் ஏறும் முழுப்பருப்பின் எண்ணிக்கை. அதாவது கிலோவுக்கு ஏறக்குறைய 700 பருப்பு. 180 தரத்தில் கிலோவுக்கு 400-க்குள் முடிந்துவிடும். 450 தரம் ஆயிரத்தை நெருங்கும். ஆக, பெரிய அண்டி லோடில் 10 கிலோ உரிப்பவர் கையில் நாலாயிரம் பருப்பு. சின்ன அண்டி லோடில் அதே 10 கிலோவுக்கு ஒன்பதாயிரத்துக்கு மேல். ரேட் இரண்டுக்கும் ஒன்று! சின்ன அண்டி வந்த வாரம் ஆட்கள் வரமாட்டேன் என்றால் அது சோம்பல் இல்லை.

அடுத்தது போர்மா, அதாவது பருப்பைக் காயவைக்கும் சூட்டறை. தல்லிய பருப்பை போர்மாவில் காயவைக்கும்போது ஈரம் 5 சதவீதத்தை ஒட்டி இறங்கினால் தோல் சுருங்கி விரலாலேயே கழன்று வரும். விறகை மிச்சம் பிடித்து முன்னதாக எடுத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். கத்தியால் சுரண்ட வேண்டிவரும், வேகமும் போகும், பருப்பும் உடையும். அதிகம் காய்ந்தாலும் உடையும். தல்லுகிற இடத்திலும் இதே கதைதான்: அவிப்பது குறைந்தால் ஓடு விடாது, வறுவல் மிஞ்சினால் பருப்பு கருகி நொறுங்கும், ஓட்டு எண்ணெய் பட்டுக் கை வெந்துபோகும். இந்தப் பிழைகள் எல்லாம் கொதிகலன் பக்கமும் போர்மா பக்கமும் நடப்பவை. கூலி குறைவதோ உட்கார்ந்து உரிக்கிறவருக்கு.

உடைந்த பருப்புக்குப் பிடித்தம் செய்வது அங்கங்கே வழக்கம். பொருள் சேதத்துக்குப் பிடித்தம் செய்ய வேண்டுமானால் அது அந்தத் தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்ததாக இருக்க வேண்டும், விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும், சேத மதிப்பைத் தாண்டக் கூடாது (பிரிவு 21). தட்டில் பொடி அதிகம் என்று வரிசையில் எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் பிடிப்பது இதில் எதிலும் அடங்காது. அதேபோல், வேலைக்கு வந்து காத்திருந்தவரை அண்டி வரவில்லை என்று மதியம் திருப்பி அனுப்பினால், விதிகளில் சொன்ன விலக்குகள் தவிர, அந்த நாளுக்கு முழு ஊதியம் உண்டு.

இனி பதிவேட்டுக்கு வருவோம். மேலே சொன்ன பெண் 24 நாளில் 7,200 ரூபாய் வாங்குகிறார். ஆய்வுக்கு வரும் அதிகாரிக்கு நாள்கூலி 300 என்று காட்ட முடியாது. எனவே 7,200-ஐ 450-ஆல் வகுத்து, 16 நாள் வேலை செய்ததாகப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். தாளில் குறைந்தபட்ச ஊதியம் சரி. எட்டு நாள் காணாமல் போய்விட்டது.

இது ஊதியத்தோடு முடிவதில்லை. இஎஸ்ஐ-யில் (தொழிலாளர் அரசு காப்பீட்டில்) நோய்க்கால உதவித்தொகை கிடைக்க ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் வேண்டும். ஆலை மந்தமாக ஓடிய ஆறு மாதத்தில் ஒருவர் மாதம் 18 நாள் வேலை செய்திருந்தால் உண்மையில் 108 நாள். அதே வகுத்தலில் மாதம் 12 நாளாகி, மொத்தம் 72 ஆகிவிடும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான கணக்கில் இப்படி விழுந்தால், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை காய்ச்சலில் படுத்தாலும் அந்தத் தொகை கிடையாது. பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கணக்கை வருடாவருடம் பார்க்கிறவர்கள் கூட இஎஸ்ஐ நாள் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியது அதைத்தான்.

ரப்பரில் விஷயம் வேறு மாதிரி. பால்வெட்டுக்கு மரக் கணக்கில் கூலி. ஒருவர் ஒரு நாளில் முந்நூறு, நானூறு மரம் வெட்டுவார். குமரியில் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மரத்தில் மழைக்காப்பு பிளாஸ்டிக் கட்டாத தோட்டத்தில் மாதத்துக்குப் பாதி நாள் கூட வெட்ட முடியாமல் போகும். மரத்துக்கு ரேட் எவ்வளவு ஏற்றினாலும் நாள் இல்லாவிட்டால் ஆள் நிற்க மாட்டார். தோட்டக்காரர் பிளாஸ்டிக்குக்கும் பசைக்கும் செலவழிப்பது பாலுக்காக மட்டும் இல்லை, வெட்டுகிறவரைத் தக்கவைக்கவும்தான்.

முதலாளிகள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அண்டியில் பெரும்பகுதி ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வருகிறது. விலை நிலையாக நிற்பதில்லை. இயந்திரத்தில் உடைத்து உரிக்கும் வியட்நாமோடு உலகச் சந்தையில் போட்டி போட வேண்டியிருக்கிறது. ஆனாலும் கிலோ ரேட்டைக் கண்மதிப்பில் வைப்பதற்கு இதில் எதுவும் காரணமாகாது. ரேட் வைக்க நேரான வழி: நடுத்தர வேகத்தில் வேலை செய்யும் பத்துப் பேரை மூன்று நாள், பெரிய அண்டி, சின்ன அண்டி இரண்டிலும் அளந்து பாருங்கள். அறிவிக்கப்பட்ட நாள் ஊதியத்தை அந்தச் சராசரிக் கிலோவால் வகுத்தால் வருவதுதான் அந்த லோடின் குறைந்த ரேட். சின்ன அண்டிக்குத் தனி ரேட் வையுங்கள். அப்படியும் நாள் ஊதியத்துக்குக் கீழே நிற்பவருக்குக் குறையும் தொகையைச் சேர்த்துக் கொடுங்கள். வடமாநிலத்திலிருந்து ஒப்பந்தக்காரர் மூலம் ஆள் எடுத்தாலும் இதே கணக்குதான். ஒப்பந்தக்காரர் கொடுக்காவிட்டால் பொறுப்பு ஆலைக்கு வரும்.

தொழிலாளிகள் செய்ய வேண்டியது, இருபது ரூபாய்க்குக் கிடைக்கும் நோட்டுப்புத்தகம் ஒன்றில் தினமும் ஐந்து விஷயம் எழுதுவது: தேதி, உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், எடை போட்ட கிலோ, பிடித்த கிலோ. எடைச்சீட்டைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். ஊதியச்சீட்டு கேளுங்கள், தருவது வேலையளிப்பவரின் கடமை. ஊதியம் கொடுத்தாகிவிட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பு வேலையளிப்பவருடையது (பிரிவு 59). ஆனால் எத்தனை நாள், எத்தனை கிலோ என்ற கேள்வி வரும்போது இந்த நோட்டுதான் பேசும்.

குறைவாகக் கொடுத்ததற்கு மனுப் போட முன்பு 6 மாதம்தான் கெடு. இப்போது 3 ஆண்டு. மேலே போட்ட 3,600 ரூபாயை 6 மாதத்துக்குக் கணக்கிட்டால் 21,600. 36 மாதத்துக்கு 1,29,600. இதற்கு மேல் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் அதிகாரம் உண்டு. 2025 நவம்பருக்கு முந்தைய நிலுவைக்கு எந்தக் கெடு பொருந்தும் என்பதில் எதிர்த்தரப்பு வாதம் கிளப்பலாம். தள்ளிப்போடாமல் போட்டுவிடுவது நல்லது. தொழிலாளி நேரிலோ, பதிவு பெற்ற சங்கம் மூலமோ போடலாம். நாகர்கோவிலில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் முதலில் எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். புகாரில் "கூலி குறைவு" என்று மட்டும் எழுதினால் போதாது. மாதவாரியாக வேலை செய்த நாள், வாங்கிய தொகை, அந்த ஆண்டு ஏப்ரல் முதல் பொருந்தும் அறிவிக்கைத் தொகை, வித்தியாசம் என நாலு நெடுவரிசை போட்ட ஒரு தாளை இணையுங்கள். ஏப்ரலில் அகவிலைப்படி மாறுவதை மறந்து மூன்று வருடத்துக்கும் ஒரே தொகை போட்டுவிட்டு வருவதுதான் இந்தத் தாளில் அடிக்கடி நடக்கும் பிழை.