சோலைக்கிளியை முதலில் காதால் பார்க்க வேண்டும்

பழனி மலை, ஆனைமலைச் சோலைக்காடுகளில் வாழும் வெண்வயிற்றுச் சோலைக்கிளிக்கும் கிளிக்கும் உறவில்லை. மலையாளத்தில் சிறு பறவை எதையும் 'கிளி' என்பார்கள். அந்த வழக்கில் வந்த பெயர். சுமார் 15 செ.மீ. நீளம், சாம்பல் படிந்த நீல உடல், வெள்ளை வயிறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி உச்சிகளைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது.

கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் இது கண்ணில் படாது. காரணம் வெளிச்சம்தான். இறகில் நீலச் சாயம் எதுவும் இல்லை. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிக்கும்போதுதான் நீலம் தெரிகிறது. பாசி படர்ந்த மரங்களுக்கு அடியில் ஒளியே குறைவு என்பதால், தரையோரம் பூச்சி தேடும் இந்தப் பறவை வெறும் நிழலாகிவிடுகிறது.

நம் கண்ணுக்கும் அங்கே தடுமாற்றம். நிறம் அறியும் கூம்பு செல்கள் மங்கிய ஒளியில் சரியாக வேலை செய்யாது. குச்சி செல்கள் முழுக்கத் தயாராக அரை மணி நேரம் பிடிக்கும். இடையில் ஒருமுறை செல்பேசித் திரையைப் பார்த்தாலே அத்தனை காத்திருப்பும் வீண். விழித்திரையின் நடுமையத்தில் குச்சி செல்களே இல்லை. அதனால் சந்தேகப்படும் இடத்தை உற்றுப் பார்க்காமல் சற்றே பக்கவாட்டில் பார்த்தால் அசைவு பிடிபடும்.

அதற்கும் முன்னால் காது. காற்று அடங்கியிருக்கும் அதிகாலையில், சீழ்க்கையும் கரகரப்பும் கலந்த நீண்ட பாட்டு கேட்கும். சீழ்க்கையை நம்பி நடந்தால் திசை தப்பும். ஒரே சுருதியில் வரும் ஒலி எங்கிருந்து வருகிறது என்று மூளையால் எளிதில் கணிக்க முடிவதில்லை. பல அதிர்வெண்கள் கலந்த கரகரப்புதான் இரு காதுகளுக்கும் போதிய தடயம் தரும். அந்த ஒலிக்காகக் காத்திருங்கள். பதிவு செய்த பாட்டை ஒலிக்கவிட்டு மட்டும் அழைக்காதீர்கள். தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டதாக நம்பி, அது இரை தேடுவதையே விட்டுவிடும்.

பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, நீலகிரியில் வாழ்வது வேறு இனம். அதன் விலாப்புறம் செம்பழுப்பு. இரண்டுக்கும் 2017-இல் 'ஷோலிகோலா' என்ற தனிப் பேரினப் பெயர் சூட்டினார்கள். சோலையில் வாழ்வது என்று பொருள். வெயில் காயும் சமவெளியை இவை தாண்டுவதில்லை. ஒரு சோலை அழிந்தால், அங்கிருந்த பறவைக்குப் பக்கத்து மலை இருந்தும் பயனில்லை.

பாட்டு நின்றதும் அசையாமல் நில்லுங்கள். சருகு புரளும். பறவை திரும்பும் நொடியில் வெள்ளை வயிறு ஒருமுறை பளிச்சிடும்.